பிஸ்கட் டின்னில் பிடி அரிசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கியது இது. மலாயாவில், ஜோகூரில் கோத்தா திங்கிக்கு மேலே, ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்போது குடியிருந்தோம். என் கணவர் அங்கே சின்னக் கிராணி. ஆபீசில் பேர் பதிவதும் கணக்கு எழுதுவதும் அவர் வேலை. எனக்கு இருபத்தாறு வயது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம்கூட இந்தக் கதையை முழுதாகச் சொன்னதில்லை. பாதியில் என்னை நல்லவளாக்கி முடித்துவிடுவேன். இங்கே பெயர் போடப் போவதில்லை என்பதால் நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பிடி அரிசி என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வைக்கும்போது, அளந்த அரிசியைக் களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியாக ஒரு டின்னில் போட்டுவிட வேண்டும். நல்ல நாள், கெட்ட நாள், கையில் இருப்பது, இல்லாதது எல்லாம் இதற்குக் கிடையாது. சோறு பொங்கினால் பிடி உண்டு. எங்கள் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினொன்று. பதினொரு டின்களும் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஜெப வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் போட்டு, வரும் பணத்தை உபதேசியாருக்கும் ஜெப வீட்டுக் கூரைக்கும் செலவழிப்பார்கள்.

உபதேசியார் ஜோகூர் பாருவிலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாள்களில் ஜெப வீட்டுச் சாவி பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கும். என்னைவிட மூன்று வயது இளையவள். லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில், ஒரே அறையில் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாது. கீர்த்தனைகள் எல்லாம் மனப்பாடம். அவளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். எப்போது பார்த்தாலும் ஒன்றும் குறையில்லாதவள் மாதிரி நடமாடினால் குறையுள்ளவர்களுக்கு எரிச்சல் வராதா?

எனக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் வேறு பேச்சே கிடையாது. யாருக்கு எந்தத் தோட்டத்தில் பெரிய கிராணி வேலை கிடைத்தது, யார் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பக்கம் நாலு ஏக்கர் ரப்பர் வாங்கிப்போட்டார்கள், யார் வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல், யார் வீட்டில் தையல் மெஷின். இரண்டு பெண்கள் சேர்ந்தால் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து இறங்கும்போதே என் மனசு அடுத்த வீட்டுக்குப் போய் நாற்காலிகளை எண்ணத் தொடங்கிவிடும். எனக்கு என் கணவர் பெரிய கிராணி ஆக வேண்டும். அதற்காக எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி குடும்பத்தை அடிக்கடி விருந்துக்கு அழைப்பேன். அவர்களுக்குப் பொங்கக் கோத்தா திங்கி சீனன் கடையிலிருந்து உயர்ந்த சயாம் அரிசி மூட்டையாக வாங்கி வைத்திருந்தேன்.

இப்போது டின்னுக்கு வருகிறேன். மற்றவர்கள் மண்ணெண்ணெய் டின்னை வாய் வெட்டியும், பழைய பால் மாவு டின்னிலும் பிடி அரிசி கொண்டுவருவார்கள். என்னுடையது மட்டும் சீமை பிஸ்கட் டின். மூடியில் ரோஜாத் தோட்டத்தில் குடை பிடித்து நிற்கும் வெள்ளைக்காரச் சீமாட்டி படம். ஜெப வீட்டில் அது முன் வரிசையில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருந்த அரிசிதான் என் வெட்கம். நான் தினம் பிடி எடுத்து வைக்கவில்லை. மறந்துபோகும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். கொண்டுபோக வேண்டிய சனிக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. சயாம் அரிசியில் கை வைக்க மனசு வரவில்லை. கோழிக்கென்று ஒதுக்கியிருந்த தோட்டத்து ரேஷன் மூட்டையின் அடியரிசியை, வண்டும் புழுவும் கல்லுமாக, பூச்சி கூடு கட்டி உருண்டை உருண்டையாகக் கிடந்ததை, அப்படியே அள்ளிப் போட்டு மூடினேன். ஏலத்தில் எடுப்பவர்களும் கோழிக்குத்தானே போடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் என் கணவர் ஜோகூர் பாருவுக்குக் கிளம்பினார். ஒரு பெரிய தோட்டத்துக்குப் பெரிய கிராணி தேவை, அந்த வாரத்துக்குள் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. லாஞ்சு என்னும் மோட்டார் படகில் ஆற்றோடு கோத்தா திங்கி போய், அங்கிருந்து மோட்டார் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு வாரமாகவே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது. அவர் போக விரும்பவில்லை. வருஷப் பிறப்பு கழிந்து போகிறேனே என்றார். நான் விடவில்லை. அதற்குள் வேறொருவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான் என்றேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"இங்க நமக்கு என்ன கொறை இருக்கு, சொல்லு."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. உங்களுக்குக் குறை தெரிந்திருந்தால் நான் இப்படி வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று சொன்னேன். லாஞ்சுத் துறைவரைக்கும் வழியனுப்பப் போகவில்லை. குழந்தைதான் வாசலில் நின்று கை ஆட்டியது.

மறுநாள் விடிந்தபோது அடுப்படியில் தண்ணீர் நின்றது. எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது, கிராணி வீடு என்றால் அப்படித்தான் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டுவார்கள். எட்டு மணிக்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் பெரிய கிராணி குடும்பமும் கிறிஸ்துமஸுக்காகச் சிங்கப்பூர் போயிருந்தார்கள். கேட்பதற்கு ஆளில்லை. அந்தச் சாவிக்காரப் பெண்தான் புருஷனோடு தண்ணீரை உழக்கிக்கொண்டு வந்தாள். ஜெப வீட்டுக் குன்றுக்குப் போய்விடலாம், அரிசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நான் எதைத் தூக்கினேன் தெரியுமா? சுவர்க் கடிகாரத்தை. பெரிய கிராணி வீட்டில் இருப்பது போலவே வேண்டுமென்று பிடித்த பிடியாக நின்று வாங்கிய கடிகாரம் அது. படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டி, அவள் புருஷன் தலையில் ஏற்றினேன். அரிசிக்கு இன்னொரு முறை வரலாம் என்று நினைத்தேன். இன்னொரு முறைக்குத் தண்ணீர் இடம் கொடுக்கவில்லை.

குன்றின் மேல் அறுபது பேருக்குக் குறையாமல் சேர்ந்துவிட்டோம். இந்துக்கள்தான் அதிகம். அந்த வேளையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக இருந்த ஜெப வீட்டில் பெண்களும் பிள்ளைகளும், வெளியே தார்ப்பாய்க்குக் கீழே ஆண்கள். தோட்டத்து அரிசி ஸ்டோரின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. என் கடிகாரத்தை யாரோ ஆணியடித்து மாட்டினார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. மணி என்ன என்று குன்றில் எல்லாருக்கும் தெரிந்தது, சோற்றுக்கு என்ன வழி என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அவள் வரிசையாக அடுக்கியிருந்த டின்களைக் காட்டி, ஆண்டவர் நமக்கென்று வைத்திருக்கிறார், ஒரு நாளைக்கு இரண்டு டின் வீதம் கஞ்சி காய்ச்சலாம் என்றாள். காணிக்கை அரிசியை எடுக்கலாமா என்று ஒருவர் தயங்கினார். பசிக்கிற வயிற்றுக்குப் போனால் அவருக்குப் போன மாதிரிதான் என்று சொல்லிவிட்டு முன் வரிசைக்குக் கை நீட்டினாள். அந்தக் கை நேராக என் பிஸ்கட் டின்னுக்குப் போயிற்று.

நான் முந்திக்கொண்டேன். அது சின்ன டின், கடைசியில் எடுத்துக்கொள்ளலாம், முதலில் பெரிய டின்களைக் காலி செய்யலாமே என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவள் என் முகத்தை ஒரு விநாடி பார்த்தாள். சரியென்று தலையாட்டிவிட்டுத் தன் மண்ணெண்ணெய் டின்னை முதலில் திறந்தாள். முக்கால்வாசி நிறைந்த டின். கல் இல்லை, உமி இல்லை. ஒவ்வொரு பிடியும் புடைத்துப் போட்டது.

எவ்வளவு புத்திசாலி நான் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அதைவிட முட்டாள்தனம் கிடையாது. அன்றைக்கே திறந்திருந்தால் இன்னொரு டின்னோடு கலந்து, கொதிக்கிற உலையில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். கடைசியில் தள்ளிவைத்ததால் அதைத் தனியாகத்தான் திறந்தாக வேண்டும். இது எனக்கு இரண்டாம் நாள்தான் உறைத்தது. அதிலிருந்து கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் டின்களை எண்ணுவதே வேலையாகிவிட்டது. ஒன்பது, ஏழு என்று குறைந்துகொண்டே வந்தன. தண்ணீர் மட்டும் குறையவில்லை.

மூன்றாம் நாள் மூங்கில் தெப்பத்தில் அடுத்த தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தீப்பெட்டி கேட்டு வந்தவர்கள் ஒரு செய்தியையும் விட்டுவிட்டுப் போனார்கள். கோத்தா திங்கிக்கு மேலே ஆற்று வளைவில் ஒரு லாஞ்சு கவிழ்ந்துவிட்டதாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போன லாஞ்சு என்று பேசிக்கொள்கிறார்களாம். ஆட்கள் என்ன ஆனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சரிவில் இறங்கித் தண்ணீர் ஓரத்தில் நிற்பேன். மிதந்து வரும் ஒவ்வொரு கட்டையும் மனித உடம்பாகத் தெரியும். நெருங்கி வந்து கட்டையாகப் போகும்வரை மூச்சு வராது. குழந்தை அப்பா எங்கே என்று கேட்டால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். நான் கடைசியாக அவரிடம் பேசிய பேச்சு மட்டும் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. அவர் போகமாட்டேன் என்றுதானே சொன்னார்? நான்தானே தள்ளிவிட்டேன்? அந்தப் பெண் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்தால் என் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் பிள்ளைகளுக்கு ஊற்றும் கஞ்சியில் என் குழந்தைக்கும் கொஞ்சம் கூட ஊற்றினாள்.

நான்காம் நாள் சாயங்காலம் ஜெபம் நடந்தது. எல்லாரும் முழங்காலில் இருந்தோம். நானும் கண்ணை மூடி மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் ஜெபம் என் காதிலேயே விழுந்தது. ஆண்டவரே, தண்ணீர் நாளைக்குள் வடிந்துவிட வேண்டும், அந்த டின்னைத் திறக்காமலே எல்லாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதபோது, புழுத்த அரிசி வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று முதலில் ஜெபித்திருக்கிறேன். இப்படிப்பட்டவள் கேட்டா ஆண்டவர் அவரைக் காப்பாற்றப் போகிறார் என்று பயம் பிடித்துக்கொண்டது. அதற்குமேல் ஜெபிக்க வாய் வரவில்லை.

அப்படியும் புத்தி வந்துவிடவில்லை. மனுஷ மனசு எவ்வளவு கேடுகெட்டது என்பதற்கு இனிமேல் சொல்லப்போவதுதான் சாட்சி.

ஐந்தாம் நாள், வருஷத்தின் கடைசி நாள், காலைக் கஞ்சியோடு பத்து டின்களும் காலி. என் டின் மட்டும் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தது. மதியம் மழை கொஞ்சம் விட்டதால் எல்லாரும் விறகு காயவைக்க வெளியே போயிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்து டின்னை எடுத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பின்பக்கச் சரிவில் இறங்கினேன். தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். குரங்கு வந்து தட்டிவிட்டது என்று சொல்லிவிடலாம். அங்கே குரங்குகளுக்கும் பஞ்சமில்லை. அறுபது பேரின் மறுநாள் கஞ்சியைக் கையில் வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதில் என் குழந்தையின் கஞ்சியும் இருந்தது.

மூடியைத் திறந்தேன். இரண்டு மூன்று அந்துப்பூச்சிகள் பறந்தன. டின்னைச் சாய்க்கப் போனேன். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டுத் திரும்பினால் அவள் நின்றுகொண்டிருந்தாள். விறகு பொறுக்க வந்திருப்பாள் போல, கையில் சுள்ளிக் கட்டு. அவள் டின்னைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். எப்போதும் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு வேறு மாதிரிக் கூப்பிட்டாள்.

"அக்கா, அதுல புழு இருக்குறது எனக்கு மொத நாளே தெரியும். மூடி ஓரத்துல பூச்சி ஊந்துச்சு."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி என்ன ஆவப்போவுது? அரிசிதானே. நாளைக்கு நமக்கு இருக்குறது இவ்ளோதான். வாங்க, வெளிச்சம் இருக்கையிலேயே ரெண்டு பேருமா பொறுக்கிப்புடலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் முன்னால் நடந்தாள். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஜெப வீட்டு வாசலில் முறத்தைப் போட்டு உட்கார்ந்தோம். அவள் புடைத்தாள், நான் கட்டிகளை உதிர்த்துப் புழுவையும் கல்லையும் பொறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் மற்றப் பெண்களும் வந்து சுற்றி உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிக்கொண்டார்கள். இது எந்த டின் அரிசி என்று ஒருத்தி கேட்டாள். சாவிக்காரப் பெண் தலை நிமிரவில்லை. எனக்காகப் பொய் சொல்லவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. என்னுடையதுதான் என்றேன். கோழிக்கு வைத்திருந்ததை ஆண்டவருக்குக் கொண்டுவந்தேன், வீட்டில் நல்ல அரிசி ஒரு மூட்டை இருந்தது என்று முழுவதையும் சொல்லிவிட்டேன். லயத்தில் வாயாடி என்று பேர் வாங்கிய ஒருத்தி, கடைசி வீட்டுக்காரி, ஒரு புழுவை விரல் நுனியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"பிஸ்கட் டின்னுல வளந்த புழுல்ல, அதான் இம்புட்டு வெள்ளையா இருக்கு."

குபீரென்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. லாஞ்சுச் செய்தி வந்ததிலிருந்து நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். சிரித்தவர்களே என் முதுகைத் தடவினார்கள். அந்த ஐந்து நாளில் முதல் முறையாக, மறைக்க ஒன்றும் இல்லாமல், அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று மட்டும் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் வருஷப் பிறப்பு. உபதேசியார் வரவில்லை, ஏலமும் இல்லை. ஏலம் போடவேண்டிய டின்களில் மிச்சமிருந்தது அடுப்பில் கொதித்தது. பொறுக்கிப் புடைத்தபின் அரிசி பாதிகூடத் தேறவில்லை. கஞ்சி தண்ணியாக, சாம்பல் நிறமாக இருந்தது. எவ்வளவு கழுவியும் மக்கிய வாடை போகவில்லை. ஊற்றுவதற்குமுன் அந்தப் பெண் பானைக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடினாள். இன்றைக்கும் எங்களுக்குப் போதுமானதைக் கொடுத்தீர் ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம் என்று சொன்னாள். உள்ளபடியே சொன்னாள். யாருக்கும் பாடம் நடத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்துப் பெண்களும் கையைக் கூப்பினார்கள். எல்லாரும் ஆமென் சொன்னபோது எனக்கு வாய் திறக்கவில்லை. நான் கோழிக்கு ஒதுக்கியதற்கு அறுபது பேர் நன்றி சொல்கிறார்கள். என் வீட்டில் அந்த வெள்ளை அரிசி மூட்டை இருந்த நாள்களில் நான் ஒருவேளையாவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? குழந்தை சிரட்டையைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று என் மடியை இழுத்தாள். எல்லாருக்கும் கடைசியாக, மிகத் தாமதமாக, நானும் ஆமென் சொன்னேன்.

கடிகாரம் பதினொன்று அடித்துச் சற்று நேரம் இருக்கும். மரங்களுக்கு நடுவே சம்பான் என்கிற சின்னப் படகு ஒன்று வந்தது. ஒரு மலாய்க்காரர் துடுப்புப் போட, முன்னால் ஒருவர் குந்தியிருந்தார். உடம்பில் யாரோ கொடுத்த சாரோங். மெலிந்துபோன முகம். நான் முதலில் பார்த்தேனா குழந்தை பார்த்ததா என்று நினைவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். சம்பான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேனாம்.

லாஞ்சு கவிழ்ந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, ஒரு கம்பத்துத் தலைவரான பெங்குலு கரையில் நின்று கையைக் காட்டி நிறுத்தி, மேற்கொண்டு போனால் ஆபத்து என்று எல்லாரையும் இறக்கிவிட்டிருக்கிறார். கட்டிப்போட்டிருந்த காலி லாஞ்சைத்தான் இரவில் ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஐந்து நாளும் என் கணவர் அந்தப் பெங்குலு வீட்டில் மரவள்ளிக் கிழங்கும் மீனும் தின்று, மழை குறைந்ததும் சம்பான் ஏறியிருக்கிறார். துடுப்புப் போட்டு வந்தவர் அந்தப் பெங்குலுவின் தம்பி. ஒரு குலை வாழைக்காயும் கொஞ்சம் அரிசியும் கொண்டுவந்திருந்தார்.

பானையின் அடியில் இருந்த கஞ்சியை இருவருக்கும் ஊற்றிக்கொடுத்தேன். என் கணவர் குடிக்கும்போது நறுக்கென்று கல் கடிபட்டது. அவர் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மறுபடியும் குடித்தார். நான் டின்னின் கதையை அப்போதே சொல்லிவிட்டேன். சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு, சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டி, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றுதான் கேட்டார்.

வேலை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. தண்ணீர் வடிந்து, வீட்டில் முழங்கால் உயரத்துக்குச் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது அவரேதான் சொன்னார். குறித்த நாள் கழிந்துவிட்டது, இனிமேல் போய்ப் பயனில்லை என்றார். சயாம் அரிசி மூட்டை புளித்து நாறிக் கிடந்தது. அதைத்தான் அப்போது மண்வெட்டியால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். சரி, நமக்கு இங்கே என்ன குறை என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் சேற்றை அள்ளினார்.

அன்றோடு ஆசையெல்லாம் அறுந்துவிட்டது என்று எழுதினால் அது பச்சைப் பொய். பிறகும் தையல் மெஷினுக்குப் பிடிவாதம் பிடித்தேன். அடுத்தவர் வீட்டு நாற்காலியை எண்ணினேன். மறு வருஷமே ரப்பர் விலை விழுந்து ஆள் குறைப்பு வந்தது. அந்தப் பெண்ணின் குடும்பத்தையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது, உங்கள் ஞாபகமாக அந்தப் பிஸ்கட் டின்னைத் தருவீர்களா அக்கா என்று கேட்டாள். கழுவி, வீட்டில் இருந்ததிலேயே நல்ல அரிசியைப் பிடி பிடியாக எண்ணிப் போட்டு நிரப்பிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாகத் தன் மண்ணெண்ணெய் டின்னை எனக்கு விட்டுப் போனாள். அதன்பிறகு அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

அந்த மண்ணெண்ணெய் டின் இன்றும் என் அடுப்படியில் இருக்கிறது. விளிம்பு துருப்பிடித்துவிட்டது. மருமகள் எறியச் சொல்கிறாள். தினமும் உலை வைக்கும்போது முதல் பிடியை அள்ளி, உள்ளங்கையை விரித்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அதில் போடுகிறேன். நாம் கொடுப்பது நமக்கே திரும்பி வந்துவிடும் என்ற பயத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டை நிறைய வெள்ளை அரிசி இருந்தபோது என் வாயில் வராத 'போதும்' என்ற ஒரு சொல், கல் கடிபட்ட அந்தக் கஞ்சியில்தான் முதன்முதலாக வந்தது. அது அடிக்கடி தொலைந்துபோகிறது, அப்போதெல்லாம் அந்தத் துருப்பிடித்த டின் பக்கத்தில் போய் நின்றுதான் அதைத் தேடி எடுக்கிறேன்.